ஒரு வீட்டின் ஐந்தொகை

உயர்தர வணிகப் பிரிவில் கணக்கீடு படிக்கும் நாங்கள் இந்த இரண்டு வருடங்களில் எத்தனையோ கம்பனிகளுக்கு நிதிக்கூற்றுகள் தயாரித்துவிட்டோம். பெறுமானத்தேய்வு கணித்திருக்கிறோம், ஐயக்கடனுக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம், சமப்படாத பரீட்சைமீதியைச் சமப்படுத்துவதற்காக இரவு பதினொரு மணிவரை விழித்திருந்திருக்கிறோம். ஆனால் வினாத்தாளில் வரும் அந்தக் கம்பனிகளில் ஒன்றுகூட உண்மையில் கிடையாது. உண்மையிலேயே இருக்கின்ற, நாம் உண்டு உறங்கி எழும்புகின்ற வீட்டுக்கு ஒரு ஐந்தொகை எழுதும்படி எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

ஐந்தொகை என்பது பழைய சொல். இப்போது பாடத்தில் அதனை நிதிநிலைமைக் கூற்று என்கிறார்கள். வாப்பா படித்த காலத்தில் ஐந்தொகைதான். இந்தச் சஞ்சிகையை எங்களைவிட எங்கள் பெற்றோரே பொறுமையாக வாசிப்பதால் அவர்களுடைய சொல்லையே வைத்துக்கொள்கிறேன். குறித்த ஒரு நாளில் ஒருவரிடம் என்ன இருக்கிறது, அவர் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைக் காட்டும் கூற்று அது.

சிறு பிள்ளைகள் உள்ள வீடொன்றில் கடன் எப்படி வளர்கிறது, எப்படிக் குறைகிறது என்பதை அந்த ஐந்தொகையின் வழியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுக்குக் கற்பனையான தொகைகளைப் போடுவது எளிது. நான் என் ராத்தாவின் வீட்டுத் தொகைகளையே எடுத்துக்கொள்கிறேன். "பேர் போடாதே, மற்றதெல்லாம் எழுது. நாலு பேருக்குப் பிரயோசனப்பட்டால் நல்லதுதானே" என்று சொல்லித்தான் தந்தாள். மச்சானும் சம்மதித்தார்.

முதலில் காலத்தைச் சொல்ல வேண்டும். ராத்தாவின் மூத்த பிள்ளைக்கு இப்போது நாலு வயது, இளையவனுக்கு ஏழு மாதம். அவர்கள் குடும்பம் நடத்தத் தொடங்கியபோது நாடே விழுந்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருள்களை மட்டும் எடுத்தால் 94.9 வீதம். பொருளியல் பாடத்தில் இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு விடயத்தை நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். பணவீக்கம் பின்னர் தனி இலக்கத்துக்கு இறங்கியது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். ஏறிய விலை அநேகமாக ஏறிய இடத்திலேயே நிற்கிறது. ஒரு வருடத்தில் ஏறக்குறைய இரு மடங்கான சாப்பாட்டுச் செலவுக்கு ஈடாகத் துணிக்கடையில் வேலை செய்யும் ஒருவரின் சம்பளம் இரு மடங்காகவில்லை. அந்த இடைவெளியைத்தான் எங்கள் ஊரில் எத்தனையோ இளம் குடும்பங்கள் நகையாலும் தவணையாலும் நிரப்பின. ஊதாரித்தனத்தால்தான் கடன் வருகிறது என்று மேடையில் பேசுவோர் அந்த வருடத்துப் பால்மா விலையை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இனித் தொகைகளுக்கு வருவோம். மச்சானின் சம்பளம் 62,000 ரூபா. ராத்தா வீட்டிலிருந்தே தைக்கிறாள். நோன்பு, பெருநாள் மாதங்களை விட்டுப் பார்த்தால் சராசரியாக 12,000 ரூபா வரும். ஆக 74,000. கடன் எவ்வளவு என்று கேட்டேன். ராத்தா, "ரெண்டரை இலட்சம் இருக்கும்" என்றாள். மச்சானிடம் தனியே கேட்டபோது, "ரெண்டுக்கு மேல போகாது" என்றார். ஒரே வீட்டின் கடனுக்கு இரண்டு தொகை. இரண்டுமே பிழை என்பது ஒரு மணித்தியாலத்தில் தெரிந்தது.

அடகுச் சீட்டு, லோன் புத்தகம், கடைக் கொப்பி, தவணை அட்டை எல்லாவற்றையும் பாயில் பரப்பி ஒரே தாளில் எழுதினோம். நகை ஈடு வைத்து எடுத்தது 150,000 ரூபா. அதற்கு ஆண்டுக்கு 18 வீத வட்டி, பத்து மாதத்துக்கு 22,500 ரூபா சேர்ந்திருந்தது. கிழமைக்குக் கிழமை கட்டும் குழுக் கடனில் இன்னும் 34 கிழமை, 81,090 ரூபா. சீட்டுக்கு இன்னும் ஒன்பது மாதம் கட்டவேண்டிய 45,000. சாச்சியிடம் கைமாற்றாக வாங்கிய 40,000. கடைக் கொப்பியில் 18,500. மச்சானின் போனுக்கு நாலு தவணை, 18,000. கூட்டினால் 375,090 ரூபா.

ராத்தா தாளைத் திருப்பி வைத்துவிட்டாள். மச்சான் மட்டும் மறுபடி கூட்டிப் பார்த்தார்.

இருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் பாதிதான் தெரிந்திருந்தது. சாச்சியிடம் வாங்கியது மச்சானுக்குத் தெரியாது. பிள்ளையின் சுகவீனத்துக்கு என்று அவசரத்தில் வாங்கியதைப் பிறகு சொல்ல ராத்தாவுக்கு வாய் வரவில்லை. கடைக் கொப்பி எவ்வளவுக்கு ஏறியிருக்கிறது என்று ராத்தாவுக்குத் தெரியாது. அடகு வட்டியை இருவருமே சேர்க்கவில்லை, ஏனென்றால் அதை யாரும் மாதா மாதம் வந்து கேட்பதில்லை. சீட்டை இருவருமே கடன் என்று நினைக்கவில்லை.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று தோழியர் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். தொழுகை என்றார்கள், மறுமை என்றார்கள். ஸூறா அல்பகராவின் 282ஆம் வசனம் அது. தவணை குறித்துக் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதை எழுதிக்கொள்வது பற்றியது. எழுதுபவர் எப்படி எழுத வேண்டும், கடன் பெற்றவர் வாசகம் சொல்ல வேண்டும், சாட்சி யார், சிறிய தொகையென்று சோம்பலாக இருக்கக்கூடாது என்றெல்லாம் அவ்வசனம் விரிகிறது. இஸ்லாம் பாடத்தில் அதை மனனம் செய்த நாங்கள், கடைக் கொப்பியை முதலாளி எழுதட்டும் என்று விட்டுவிடுகிறோம். சாச்சியின் 40,000 எந்தத் தாளிலும் இருக்கவில்லை. சொந்தத்துக்குள் எழுதுவது நம்பிக்கையில்லாத வேலை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். எழுதாமல் விட்டதால் முறிந்த சொந்தங்களை எங்கள் ஒழுங்கையிலேயே நான் காட்டுவேன்.

இனி ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரே அளவு விளக்கப் போவதில்லை. சிலவற்றில்தான் பாடம் இருக்கிறது.

போன் தவணையில் ஒன்றுமில்லை. மாதம் 4,500, நாலு மாதத்தில் முடியும்.

சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000, ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு ஒரு இலட்சம். எங்கள் உம்மாமார்களின் வங்கி அதுதான், அதில் வட்டியும் இல்லை. கடைசியில் எடுப்பவருக்குச் சீட்டு ஒரு சேமிப்பு. முன்னால் எடுப்பவருக்கு அது கடன். ராத்தா முன்கூட்டியே எடுத்துப் பிள்ளைப்பேற்றுச் செலவையும் கூரைத் திருத்தத்தையும் பார்த்தாள். எடுத்த அன்றிலிருந்து அவள் கட்டுவது சேமிப்பு இல்லை, மற்றப் பத்தொன்பது பேருக்கும் திருப்பிக் கொடுக்கும் கடன். ஆனாலும் வாயில், "சீட்டுக் கட்டுறேன்" என்று சேமிப்புப் போலத்தான் சொல்கிறோம். ஒரே சீட்டு ஒருவரின் கணக்கில் சொத்தாகவும் மற்றவரின் கணக்கில் பொறுப்பாகவும் இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் பாடநூலில் நான் பார்க்கவில்லை.

குழுக் கடனுக்கு வருவோம். கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. ஐந்தாறு பெண்கள் சேர்ந்து ஒரு குழு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். பிணை வைக்க நகையோ காணியோ தேவையில்லை, பக்கத்து வீட்டாள்தான் பிணை. ராத்தா எடுத்தது 100,000 ரூபா. "வருடத்துக்கு 24 வீதம், கிழமைக்கு 2,385 ரூபாதான்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். 52 கிழமைக்கு 2,385 என்றால் 124,020 ரூபா. ஒரு இலட்சத்துக்கு 24,020 ரூபா வட்டி, கணக்குச் சரிதானே என்று தோன்றும்.

சரியில்லை. 24 வீத வட்டி என்றால் ஒரு இலட்சமும் முழு வருடமும் ராத்தாவின் கையில் இருந்திருக்க வேண்டும். அவளோ முதற் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுக்கிறாள். 26 கிழமை முடியும்போது முதலில் அரைவாசி, அதாவது 50,000 ரூபா, திரும்பிப் போய்விட்டது. ஆனால் 27ஆவது கிழமையும் வட்டி ஒரு இலட்சத்துக்கே கணிக்கப்படுகிறது. வருடம் முழுவதையும் எடுத்துப் பார்த்தால் சராசரியாக அவள் கையில் இருந்தது 51,000 ரூபாவுக்குக் கிட்டத்தான். அரைவாசிப் பணத்துக்கு முழுப் பணத்தின் வட்டி. குறைந்து செல்லும் மீதியின்மேல் கணித்தால் உண்மையான வட்டி வீதம் 40ஐயும் தாண்டுகிறது. 24 என்ற சொல்லுக்குள் 40 ஒளிந்திருந்தது.

இந்தக் கணக்கை ராத்தாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு அவளுடைய தொழிலில் இருந்தே சொன்னேன். பத்து நாளைக்கு ஒரு தையல் மெசினை வாடகைக்கு எடுக்கிறாய், ஐந்தாம் நாள் மெசினின் பாதியைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கிறாய், ஆனால் பத்தாம் நாள்வரை முழு மெசினுக்கும் வாடகை கட்டுகிறாய். "அப்படி யாராவது கட்டுவாங்களா?" என்று கேட்டாள். பிறகு லோன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இதைச் சொல்லிவிட்டுக் கடன் எடுத்த பெண்களைக் குறை கூறுவது நியாயமில்லை. பிணையில்லாமல், வாசலுக்கு வந்து, அன்றே காசு தருபவர் வேறு யார் இருக்கிறார்? 2016இல் நுண்நிதியளிப்புக்கென ஒரு சட்டம் வந்தது. 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த நுண்கடன்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவற்றை அரசாங்கம் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. ஒரு நாட்டின் அரசாங்கம் தலையிடுமளவுக்குப் போன விடயத்தில் தனியொரு பெண்ணின் கவனக்குறைவை மட்டும் காரணம் காட்ட முடியாது. எங்கள் சமூகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வட்டி ஹராம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் எடுத்தவள் அதை இரண்டு மடங்கு மறைக்கிறாள். கஷ்டத்துக்காக ஒரு மறைப்பு, பாவத்துக்காக இன்னொரு மறைப்பு. மறைத்த கடனுக்கு யாரிடமும் ஆலோசனை கேட்க முடியாது. வட்டியில்லாமல் கடன் கொடுக்கக்கூடியவர்கள் அவளிடம் வந்து கேட்கவும் முடியாது. ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடன்பட்டவர்களும் ஒரு பிரிவினர் என்பதை நாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். எங்கள் ஊர்களில் ஸகாத் பட்டியலில் ஏழை, விதவை, அநாதைப் பிள்ளை என்று இருக்கும்; கடனாளி என்று தன் பெயரைக் கொடுக்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

வட்டியில்லாத முறையில் தவணைக்குப் பொருள் வாங்குபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலாபம் சேர்த்து விலை தீர்மானிப்பது மார்க்கத்தில் ஆகுமானது. அதற்காகத் தவணைத் தொகை தானாகக் குறைந்துவிடாது. "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்பது அங்கும் வேண்டும்.

இப்போது கடைக் கொப்பி. 18,500 ரூபா, வட்டி இல்லை, முதலாளி நல்ல மனிதர். பட்டியலில் இதுதான் பயமில்லாத கடன் என்று தோன்றியது. ஆனால் நோயின் காய்ச்சல்மானி இதுதான் என்று பிறகு கண்டுகொண்டோம். மாதச் செலவை எழுதினோம். சாப்பாட்டுக்கு 32,000, பால்மாவுக்கும் பேம்பர்ஸுக்கும் 9,500, மின்சாரமும் தண்ணீரும் 4,200, மோட்டார் சைக்கிள் பெற்றோல் 6,000, முன்பள்ளிக்கு 1,500, போன் ரீலோட் இரண்டுபேருக்கும் 2,500, மருந்துக்கு 2,000. ஆக 57,700. இதனோடு குழுக் கடன், சீட்டு, போன் தவணைகள் மாதம் 19,835. மொத்தச் செலவு 77,535. வருமானம் 74,000. மாதம் 3,535 ரூபா பற்றவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னர் கடைக் கொப்பி வெறுமையாக இருந்தது. 3,535ஐ ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், 17,675. கொப்பியில் இருந்த தொகைக்கு ஏறக்குறையச் சரியாக வருகிறது. வீட்டின் பற்றாக்குறையை யாரும் எழுதவில்லை என்று நினைத்தோம், கடை முதலாளி மாதா மாதம் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கடைக் கொப்பி ஒரு மாதம் ஏறி மறுமாதம் இறங்கினால் அது வசதி. ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டே போனால் அந்த வீடு வருமானத்துக்கு மேல் நடக்கிறது.

செலவைக் குறைப்பது பற்றி நிறையப் பேர் எழுதுவார்கள், நான் சுருக்கமாக எழுதுகிறேன். சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பால் குடிக்கும் பிள்ளையும் பால் கொடுக்கும் தாயும் உள்ள வீட்டில் அதில் மிச்சம் பிடிப்பது பின்னர் மருந்துச் செலவாகத் திரும்பி வரும். பேம்பர்ஸ் இரவுக்கு மட்டும், பகலில் துணி, அதில் 2,500. ரீலோட்டில் 1,000. மச்சான் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போவதை விட்டுக் கட்டிக்கொண்டு போனதில் பெற்றோலில் 1,500. இவ்வளவுதான், 5,000 ரூபா. பற்றாக்குறை 3,535 மாறி 1,465 ரூபா மிஞ்சியது. துணி தோய்க்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்று வாசகியர் கேட்பீர்கள். முதல் இரண்டு கிழமை ராத்தாவின் தலையில். பிறகு சுபஹுக்குப் பின் மச்சான் தோய்த்துக் காயப்போடுகிறார். சிக்கனத்தின் உழைப்பையும் ஐந்தொகையில் எழுத முடிந்தால் நல்லதுதான்.

மிஞ்சிய 1,465 ரூபாவை உடனே கடனுக்குக் கட்டலாம் என்றார் மச்சான். நான் வேண்டாம் என்றேன். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் வரும். கையில் ஒன்றும் இல்லாத வீட்டில் அந்த ஒரு காய்ச்சல் இன்னொரு கைமாற்றாக மாறும். சாச்சியின் கடன் வந்த வழி அதுதானே. ஆகவே அது ஒரு ரின்னுக்குள் போகிறது.

ஆனால் அடகுக்கு இந்த 1,465 எம்மாத்திரம்? வருடம் முடிய இரண்டு மாதமே இருந்தது. அப்போது வட்டி 27,000 கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகக்கூடும். இதற்கென்று குழுவில் அடுத்த சுற்றுக் கடன் 150,000 தருவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான வீடுகள் விழும் இடம் இது. பழைய கடனை அடைக்கப் புதிய கடன். தாளில் ஒரு வரி அழிவதைப் பார்க்கும் சந்தோஷத்தில் அதற்குக் கீழே பெரிய வரியொன்று ஏறுவதைக் காண்பதில்லை. 18 வீதக் கடனை 40 வீதத்துக்கு மேற்பட்ட கடனால் அடைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

ஈட்டில் இருந்தவை ஒரு மாலையும் இரண்டு காப்பும். அவற்றின் முழுப் பெறுமதிக்கும் அவர்கள் கடன் எடுத்திருக்கவில்லை. பொன் விலை வேறு ஏறியிருந்தது. மாலையை விற்றால் மூன்றையும் மீட்ட காசு வரும். விற்பதா என்ற கேள்வியில் வீடு இரண்டு நாள் பேசாமல் இருந்தது. உம்மா அழுதா. காப்பு உம்மா போட்டது, மாலை மச்சான் கொடுத்த மஹர்.

இந்த இடத்தில்தான் எங்கள் தாளில் ஒரு வரி குறைவாக இருப்பது எனக்குத் தெரிந்தது. மஹர் பெண்ணின் சொத்து. கணவனுக்கோ வாப்பாவுக்கோ அதில் உரிமை கிடையாது. அவள் மனம் விரும்பிக் கொடுத்தால் ஒழிய. ராத்தாவின் நகையை வைத்து எடுத்த 150,000 ரூபாவில் பெரும்பகுதி மோட்டார் சைக்கிளுக்கும் 2022இன் பாக்கிகளுக்கும் போனது. அப்படியென்றால் அந்த வீடு வெளியாருக்கு மட்டும் கடன்பட்டிருக்கவில்லை. ராத்தாவுக்கும் கடன்பட்டிருக்கிறது. வணிக அலகு எண்ணக்கரு என்று நாம் படிப்பது இதுதான். உரிமையாளர் வேறு, வணிகம் வேறு. உரிமையாளர் இட்ட பணத்தைக்கூட வணிகம் அவருக்குத் தர வேண்டியதாகவே பதிகிறோம். ஒரு பெட்டிக்கடைக்குச் செய்யும் அந்த நியாயத்தைக் கழுத்து மாலையைக் கழற்றிக் கொடுத்த மனைவிக்கு நாம் செய்வதில்லை. "வீட்டுக்குத்தானே கொடுத்தாள்" என்று முடித்துவிடுகிறோம்.

நான் இதைச் சொன்னபோது ராத்தா, "சும்மா இரு புள்ள, புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன கணக்கு" என்றாள். மச்சான் பேனையை வாங்கித் தாளின் கீழே தன் கையாலேயே எழுதினார்: மாலை, இன்ன நிறை, மனைவிக்குத் தர வேண்டியது. நிறையில் எழுதினாரே தவிர ரூபாவில் எழுதவில்லை. பொன்னின் விலை ஏறினால் அவளுக்கு நட்டம் வரக்கூடாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதன் பிறகு விற்பதற்கு ராத்தா தானாகச் சம்மதித்தாள்.

விற்பதற்கு முதலில் மீட்க வேண்டும், மீட்பதற்குக் காசு வேண்டும். பன்னிரண்டாம் மாத முடிவில் 177,000 ரூபாவை வாப்பா ஒரு நாளைக்குக் கொடுத்தார். காலையில் மீட்டு, அன்றே மாலையை 193,000க்கு விற்று, அஸருக்கு முன் வாப்பாவின் காசு வாப்பாவிடம் வந்துவிட்டது. மிஞ்சிய 16,000 கடைக் கொப்பிக்குப் போனது. அந்த இரண்டு மாதத்தில் தவணைகளும் குறைந்திருந்தன. தாளின் மொத்தம் 375,090இலிருந்து 146,125 ஆனது. கணக்கீட்டு மாணவி என்ற வகையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடன் பாதிக்கு மேல் குறைந்தது அதிசயத்தால் வந்ததில்லை. பொறுப்பு குறைந்த பக்கத்துக்கு எதிரே சொத்தும் குறைந்திருக்கிறது, ஒரு மாலை இல்லை. ஆனால் வருடத்துக்கு 27,000 ரூபா வட்டி நின்றது. உம்மாவின் காப்புகள் ராத்தாவின் கையில் இருக்கின்றன.

இனி உள்ளதைக் காலம்தான் அடைக்கும். இரண்டு மாதத்தில் போன் தவணை முடிந்து 4,500 விடுபடும். ஆறு மாதத்தில் குழுக் கடன் முடிந்து மாதம் பத்தாயிரத்துக்கு மேல் விடுபடும். ஏழு மாதத்தில் சீட்டு முடியும். புதிதாக ஒன்றும் எடுக்காவிட்டால் எட்டாம் மாதத்தில் இதே சம்பளத்தில் 21,300 ரூபா கையில் நிற்கும். அப்போது சாச்சியின் 40,000க்கு இரண்டு மாதம் போதும். சாச்சியிடம் இதைத் திகதியோடு எழுதிக் கொடுத்தார்கள். சாச்சி கோபிப்பா என்று ராத்தா பயந்தாள். சாச்சி தாளை மடித்து குர்ஆன் வைக்கும் தட்டில் வைத்துவிட்டு, "நான் கேட்கவே வெட்கப்பட்டுக்கிட்டு இருந்தன்" என்றா.

பெற்றோர்களுக்கு ஒரு விடயம் மிச்சம் இருக்கிறது. எங்கள் கிழக்குக் கரையில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். ராத்தாவின் வீட்டுக்கு வாப்பா எடுத்த கடன் இன்னும் முடியவில்லை. கடனோடு கட்டிய வீட்டில் கடனோடு ஒரு குடும்பம் தொடங்குவதை நாங்கள் வழமை என்று சொல்லிப் பழகிவிட்டோம். வாப்பா ஒரு நாளைக்குக் கொடுத்து வாங்கிய அந்த 177,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? என் வீட்டின் அத்திவாரத்துக்குச் சேர்த்து வைத்த காசு. எனக்குப் பதினேழு வயது, ஆகஸ்டில் பரீட்சை, பல்கலைக்கழகம் கிடைத்தால் இன்னும் நாலைந்து வருடம் படிப்பு. அந்த அத்திவாரத்துக்கு இப்போதே மணலும் கல்லும் பேசத் தொடங்கிவிட்டார் வாப்பா.

ராத்தாவின் தாள் முடிந்த பிறகு இன்னொரு தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் "இருப்பது", வலப்பக்கம் "கொடுக்க வேண்டியது" என்று எழுதி வாப்பாவிடம் கொடுத்தேன். வீட்டுக் கடனில் மிச்சம் எவ்வளவு, எந்த மாதம் முடியும், அது முடியாமல் அடுத்த அத்திவாரம் எதற்கு என்று கேட்டேன். வாப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சோதனையை எழுதி முடி மகள், பார்ப்போம்" என்றார். அது இன்னும் அவருடைய பையில்தான் இருக்கிறது. உடுப்புத் தோய்க்கும்போதெல்லாம் உம்மா அதை வெளியே எடுத்து வைத்து, காய்ந்த சட்டையில் திரும்பப் போடுகிறா.